விசேஷ வீட்டுப் பிளாஸ்டிக்கும் ஊருணியும்: எரிப்பதா, புதைப்பதா, வாங்காமலே இருப்பதா?

கேள்வி
எழுதியவர்: பள்ளத்தூர் வாசி

அனைவருக்கும் வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பை அறிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத இந்தச் செம்மண் பூமியில் முன்னோர்கள் மழையை மட்டுமே நம்பி ஊர்களை அமைத்தார்கள். ஓட்டுக் கூரையிலிருந்து வளவு முற்றத்தில் இறங்கும் மழைநீர் தெருவோர வடிகாலுக்கு வந்து, வரத்துக்கால் வழியாக ஊருணியில் விழும். ஊருணி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறும். இன்று அதே வழியில், மழைநீரோடு சேர்ந்து விசேஷ வீட்டுக் குப்பையும் ஊருணிக்குப் போய்ச் சேருகிறது.

ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது வயது நிறைவு விழா), படைப்பு (முன்னோர் வழிபாடு) ஆகியவற்றுக்காகத் திறக்கப்படுகின்றன. சென்னையிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் உறவினர்கள் வந்து, இரண்டு மூன்று நாள் தங்கிக் காரியத்தை நல்லபடியாக முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சாப்பாடு இன்றும் வாழையிலையில்தான் போடப்படுகிறது. ஆனால் இலைக்கு அடியில் பளபளப்பான மேசை விரிப்பு, இலைக்குப் பக்கத்தில் கைக்கு அடக்கமான தண்ணீர் பாட்டில், பாயசத்துக்குக் காகிதக் கப், ஐஸ்கிரீமுக்குப் பிளாஸ்டிக் கரண்டி, தாம்பூலத்துக்கு நான்வோவன் பை (துணிபோலத் தோன்றும் பிளாஸ்டிக் பை), வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் என்று மற்றவை எல்லாம் மாறிவிட்டன. பந்தி முடிந்ததும் பரிமாறியவர்கள் அந்த விரிப்பை இலையோடும் எச்சிலோடும் சேர்த்துச் சுருட்டிக் கட்டிப் பின்கட்டுக்கு வெளியே போட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் அன்றிரவே அதைக் கொளுத்துகிறார்கள். சில இடங்களில் குழி தோண்டி மூடுகிறார்கள். மீதமுள்ளதை ஐப்பசி மழை வரத்துக்காலில் தள்ளிக்கொண்டு போகிறது.

வரும் தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு சாந்தி நடக்கவிருக்கிறது. அதற்கு முன்பாகச் சில விஷயங்களில் தெளிவு பெற விரும்புகிறேன். எரிப்பதும் புதைப்பதும் எந்த அளவுக்குத் தீங்கானவை? கடைகளில் "மக்கும் பை" என்று விற்பதை நம்பி வாங்கலாமா? சாலை போடுவதற்குப் பிளாஸ்டிக் பயன்படுகிறது என்கிறார்களே, சேர்த்து வைத்து அதற்குக் கொடுத்துவிட முடியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, சமையல் ஒப்பந்தக்காரரிடம் எதைச் சொல்லி, எப்படிச் சம்மதிக்க வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் எங்கள் பங்காளிகள் அனைவருக்கும் படித்துக் காட்டுவேன்.


பதில்
எழுதியவர்: தேவகோட்டை வேதியியல் ஆசிரியர்

எரிப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் குறிப்பிட்டவற்றுள் மிகவும் கெடுதலானது அதுதான். ஃபிளெக்ஸ் பேனரின் மேற்பூச்சு பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. தூய பிவிசியின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது குளோரின். அதைத் திறந்த வெளியில், குறைந்த வெப்பத்தில், பாதி எரிந்தும் எரியாமலும் கொளுத்தும்போது ஹைட்ரஜன் குளோரைடு புகையும் டையாக்சின் எனப்படும் நச்சுச் சேர்மங்களும் உண்டாகின்றன. டையாக்சின் காற்றோடு கலைந்து போய்விடுவதில்லை. அது புல்லிலும் மண்ணிலும் படிந்து, மேயும் மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலின் வழியாக நம்மிடமே திரும்பி வரும் இயல்புடையது. பாலிதீனில் குளோரின் இல்லாததால் அதை எரிக்கலாம் என்று சிலர் வாதிடுவார்கள். அது சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடும் கரித்துகளும் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வேறு சில சேர்மங்களும் வெளிவருகின்றன. எச்சில் ஈரத்தோடு கொளுத்தப்படும் பந்திக் குப்பை ஒருபோதும் சரியாக எரிவதில்லை. மிஞ்சும் சாம்பலும் அடுத்த மழையில் வரத்துக்காலுக்குத்தான் போகும். குப்பையைத் திறந்தவெளியில் எரிப்போருக்குச் சாதாரண அளவில் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் விதிக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது என்பதையும் உங்கள் பங்காளிகளிடம் சொல்லுங்கள்.

புதைப்பதன் தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. பாலிதீன் என்பது கார்பன் அணுக்கள் மிக நீண்ட சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பொருள். 1933இல் இங்கிலாந்தில் அது கண்டறியப்பட்டது. மக்கள் புழக்கத்துக்குப் பெருமளவில் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வாழையிலையை உடைத்து உணவாக்கிக் கொள்வதுபோல அந்தச் சங்கிலியை எளிதில் உடைக்க முடிவதில்லை. அதை ஓரளவு சிதைப்பது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் மட்டுமே. குழிக்குள் இரண்டும் போவதில்லை என்பதால் அங்கே அது போட்டபடியே கிடக்கும். ஆயிரம் ஆண்டு ஆகும், ஐந்நூறு ஆண்டு ஆகும் என்று எழுதுகிறார்களே, அவை எல்லாம் மதிப்பீடுகள். அந்தப் பொருள் பிறந்தே நூறு ஆண்டு நிறையவில்லை.

ஊருணியில் நடப்பது இன்னும் சிக்கலானது. மழைக்காலத்தில் வண்டலுக்கு அடியில் பதிந்துகொள்ளும் பை, தரையில் விரித்த தாள்போல நீர் கீழே இறங்குவதைத் தடுக்கிறது. கோடையில் நீர் வற்றி வெயில் பட்டதும் அது நொறுங்குகிறது. நொறுங்குவதை மக்குவதாக நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். ஒரு பை ஆயிரக்கணக்கான துணுக்குகளாகியிருக்கிறது, அவ்வளவுதான், பொருள் குறையவில்லை. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய இந்தத் துணுக்குகளுக்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர். பிரிட்டிஷ் கடலியல் அறிஞர் ரிச்சர்டு தாம்ஸன் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு உலகம் அதைக் கவனிக்கத் தொடங்கியது. மனித இரத்தத்திலும் அது இருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். குடிநீரிலுள்ள நுண்பிளாஸ்டிக்கால் உடல்நலம் எந்த அளவுக்குக் கெடுகிறது என்று முடிவு சொல்லும் அளவுக்குச் சான்று போதாது, மேலும் ஆய்வு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. ஆகவே அச்சமூட்டும் கதைகளைப் பரப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒருமுறை துணுக்காகி வண்டலில் கலந்துவிட்டதை எந்தத் தூர்வாரும் எந்திரத்தாலும் பிரித்து எடுக்க முடியாது. கவலைப்படுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து.

"மக்கும் பை" பற்றி. தரச்சான்று பெற்ற மக்கும் பிளாஸ்டிக்குகூட 58 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பமும் ஈரமும் தொடர்ந்து நிலவும் பெரிய உரக்கூடங்களில் மக்குவதற்காகச் சோதிக்கப்பட்டது. அதற்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 17088. தோட்டத்துக் குழியில் அந்த வெப்பம் நிலைத்து நிற்காது. ஊருணித் தண்ணீரில் நிற்கவே நிற்காது. தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் அச்சிடப்படாமல், பச்சை நிறத்தில் ஓர் இலைப்படம் மட்டும் போட்டு விற்கும் பைகளைத் தொடவே வேண்டாம். அவற்றுள் சில, விரைவாக நொறுங்குவதற்கான வேதிப்பொருள் சேர்த்த சாதாரணப் பாலிதீன்தான்.

சாலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை அது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சுமார் 160 டிகிரி வெப்பத்தில் சூடேற்றிய ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் பூச்சாகப் படியும். பிறகு தார் சேர்ப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் அதற்குச் சுத்தமான, உலர்ந்த, பிவிசி கலக்காத பிளாஸ்டிக் வேண்டும். சாம்பாரும் நெய்யும் ஒட்டிய மேசை விரிப்பை யார் கழுவி உலர்த்திக் கொடுப்பார்கள்? விசேஷ வீட்டுக் குப்பைக்கு அந்த வழி பொருந்தாது.

மாடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டும். எச்சிலை உள்ளே வைத்துக் கட்டிய பையை மாடு பையோடு விழுங்கிவிடும். அது வெளியேறாமல் அசையூண் இரைப்பையிலேயே தங்கிவிடும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். பந்திக் குப்பையைக் கட்டி வைக்கும் பழக்கத்தை நிறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் வேறு வேண்டியதில்லை.


பதில்
எழுதியவர்: காரைக்குடி சமையல் ஒப்பந்தக்காரர்

ஆசிரியர் ஐயா எழுதியதை மிகுந்த மரியாதையோடு படித்தேன். நான் தொழில் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பிளாஸ்டிக் வேண்டும் என்று சமையல்காரர்கள் யாரும் ஆசைப்படுவதில்லை. பந்திக்கும் பந்திக்கும் நடுவே மேசையைத் துடைக்கவும், டம்ளர் கழுவவும், தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும். அந்த ஆள் கூலியை மிச்சப்படுத்துவதற்காகவே விரிப்பும் கப்பும் பாட்டிலும் வந்தன. விசேஷ வீட்டார் இலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசி, அதையும் குறைக்கச் சொல்லும்போது, ஒப்பந்தக்காரர் முதலில் கைவைப்பது ஆள் எண்ணிக்கையில்தான். ஆகவே பேசும் முறையை மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு தொகை, பாத்திர வாடகைக்கு ஒரு தொகை, கழுவும் ஆட்களுக்கு ஒரு தொகை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அப்படிச் செய்தால் எந்த நல்ல சமையல்காரரும் மறுக்க மாட்டார்.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், உணவு பொதியும் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, தெர்மாகோல் தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், நான்வோவன் பை ஆகியவை எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும். காகிதக் கப்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் உட்புறம் கைவிரலால் சுரண்டினால் மெல்லிய படலம் உரிந்து வரும். சூடான பானத்தைக் கால் மணி நேரம் அதில் வைத்திருந்தால் 100 மில்லிலிட்டரில் சுமார் 25,000 நுண்துகள்கள் இறங்குவதாக ஐஐடி கரக்பூர் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பந்தியில் சூடான பாயசத்தை அதில்தான் ஊற்றுகிறோம்.

அடுத்ததாக நான் சொல்வதை விசேஷ வீட்டார் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. பந்தியில் விழும் குப்பையைவிடச் சமையற்கட்டில் விழும் பிளாஸ்டிக் பல நேரங்களில் அதிகம். பால் பாக்கெட், எண்ணெய் பாக்கெட், மசாலாப் பொடிப் பாக்கெட், முந்திரி உறை, மாவு உறை என்று விடியற்காலையிலேயே மூட்டை சேர்ந்துவிடும். இதைக் குறைப்பதும் எளிது. பாலை உள்ளூர்ப் பால்காரரிடம் கேனில் வாங்கலாம். எண்ணெயைத் தகர டின்னில் எடுக்கலாம். அரிசி பருப்பைச் சாக்கில் இறக்கலாம். மிளகாயும் மல்லியும் வீட்டிலேயே வறுத்து மில்லில் அரைப்பது செட்டிநாட்டுச் சமையலுக்குப் பழகிய வழிதான்; சுவைக்கும் அதுவே நல்லது.

ஐஸ்கிரீமை நிறுத்தச் சொன்னால் இளையவர்கள் வருத்தப்படுவார்கள் என்பது உண்மை. எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துப் போடலாம். அல்லது இனிப்பை இலையிலேயே முடித்துக்கொள்ளலாம். கவுனி அரிசியும் கந்தரப்பமும் இருக்கும் ஊரில் இனிப்புக்கு என்ன குறை? தண்ணீருக்கு 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் ஜக்கும் போதும், ஊற்றுவதற்கு ஆள் போட்டால்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுவதைச் சுத்தமானது, எச்சில் பட்டது என்று அப்போதே பிரித்துவிட வேண்டும். பாட்டிலையும் கழுவிய பால் உறையையும் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். வெள்ளிப் பளபளப்புள்ள சிப்ஸ் உறை போன்றவற்றில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்காக ஒட்டியிருப்பதால் அவரும் வாங்க மாட்டார். அவற்றை உலர்த்தித் தனி மூட்டையாகக் கட்டி ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் கொடுப்பதே முறை. 1,400 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் இயங்கும் சிமெண்ட் ஆலைச் சூளையில் அத்தகையவற்றை எரிபொருளாக்க முடியும். நம் வீட்டுக் கொல்லையில் முடியாது. நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்துவிட்டுக் குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டிருந்தது. முன்கூட்டிச் சொன்னால் வண்டியும் நேரத்துக்கு வரும்.


பதில்
எழுதியவர்: கோட்டையூர் அன்பர்

எல்லாம் சரி. ஆனால் டம்ளரும் கிண்ணமும் கழுவுவதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? வைகாசி முகூர்த்தத்தில் ஊருணியே வற்றிக் கிடக்கும். லாரித் தண்ணீர் வாங்கித்தான் சமையலே நடக்கிறது. ஊருணியைக் காப்பதற்காக நிலத்தடி நீரை இறைத்துக் கழுவுவது சரியாகுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கை ஆதரித்து இதைச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தை மறந்துவிட்டு எடுக்கும் முடிவு நிலைக்காது என்பதற்காகவே சொல்கிறேன்.


பதில்
எழுதியவர்: காரைக்குடி சமையல் ஒப்பந்தக்காரர்

நியாயமான கேள்வி அண்ணே. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நீங்கள் சொல்வது நடக்கும். மூன்று அண்டா வைத்துக் கழுவும் பழைய முறையில் தண்ணீர் அவ்வளவு செலவாகாது: முதல் அண்டாவில் முக்கித் தேய்த்து, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் கொதிநீரில் முக்கி எடுக்க வேண்டும். சோப்புத் தூளைத் தவிர்த்துச் சீயக்காய்த் தூளோ சாம்பலோ கொண்டு தேய்த்தால் அந்தத் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் திருப்பிவிடலாம். பாட்டில் தண்ணீரும் எங்கோ ஓர் ஊரின் நிலத்தடியிலிருந்து எடுத்ததுதான் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதைச் சுத்திகரிக்கும்போது ஒரு பகுதி கழிவுநீராகப் போகிறது. விருந்தினர் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போகும் பாட்டில்களை ஒரு பந்தி முடிந்ததும் பாருங்கள். எத்தனை குடம் தண்ணீர் வீணாகிறது என்பது புரியும்.


பதில்
எழுதியவர்: கானாடுகாத்தான் ஆச்சி

பாத்திரத்துக்கு வாடகைக் கடைக்குப் போவதற்கு முன்னால் அவரவர் வீட்டுச் சாமான் அறையைத் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை தலைமுறைச் சீர்ச் சாமான்கள் அங்கே அடுக்கி இருக்கின்றன! பித்தளைச் செம்பும் எவர்சில்வர் டம்ளரும் எனாமல் கிண்ணமும் தூசி படிந்து கிடக்க, வாசலில் பிளாஸ்டிக் கப்பை இறக்குவது மனத்துக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. ஒரு வீட்டில் போதாவிட்டால் பங்காளி வீடுகளில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். பெயர் வெட்டிய பாத்திரங்கள் என்பதால் மாறிப் போகும் என்ற பயமும் வேண்டியதில்லை. எனாமல் உதிர்ந்த கிண்ணங்களை மட்டும் சாப்பாட்டுக்கு எடுக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

தாம்பூலத்துக்கு ஓலைக் கொட்டான் கொடுங்கள். பனங்குருத்தோலையில் ஆச்சிமார்கள் முடைந்து, மணியும் பூவேலையும் வைத்துச் சடங்குகளில் பயன்படுத்திய பொருள் அது. நடுவில் மறைந்துபோகும் நிலைக்கு வந்து, இப்போது பெண்கள் பலர் மறுபடியும் முடைகிறார்கள். நான்வோவன் பையைவிட விலை கூடுதல் என்பது மெய்தான். எல்லோருக்கும் கொட்டான் கொடுக்க இயலாவிட்டால் நெருங்கிய உறவினருக்குக் கொட்டானும் மற்றவர்களுக்கு மஞ்சள் துணிப்பையும் கொடுங்கள். ஓலை முடைவதற்கு நாளாகும் என்பதால் தை மாத விசேஷத்துக்கு ஐப்பசியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. வயர் கூடையையும் தண்ணீர் டிரம்மையும் பார்த்து, அவையும் பிளாஸ்டிக்தானே என்று சிலர் கேட்பார்கள். பல ஆண்டு உழைக்கும் பொருளும் பத்து நிமிடத்தில் எறியப்படும் பொருளும் ஒன்றாகாது என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்.


மறுமொழி
எழுதியவர்: பள்ளத்தூர் வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நேற்றிரவு பங்காளிகள் கூடியபோது இந்தப் பதில்களை முழுவதும் படித்துக் காட்டினேன். ஊருணி வரத்துக்காலின் வாயில் இரும்பு வலை போட்டுவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். வலையில் குப்பை அடைத்துக்கொண்டால் பெருமழையில் தண்ணீர் ஊருணிக்குப் போகாமல் தெருவில் தேங்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்கும் பிறகு அதைச் சுத்தம் செய்யப் பொறுப்பானவர் ஒருவர் இருந்தால் மட்டுமே போடுவது என்று முடிவாகியது. குப்பை உள்ளே வருவதைத் தடுப்பதைவிட வாங்காமல் இருப்பதே எளிது என்பதைப் பெரியவர்கள் தயக்கமின்றி ஒப்புக்கொண்டார்கள்.

சமையல் ஒப்பந்தத்தில் எழுத இருப்பவற்றைக் கீழே தருகிறேன். குறை இருந்தால் திருத்துங்கள். மேசையில் பிளாஸ்டிக் விரிப்போ பிளாஸ்டிக் பூசிய விரிப்போ போடக்கூடாது. வெறும் மேசையைப் பந்திக்குப் பந்தி துடைக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலும் காகிதக் கப்பும் கூடாது. டம்ளரும் கிண்ணமும் நாங்கள் தருவோம், கழுவும் ஆட்களுக்கான கூலியைத் தனியாகக் கொடுப்போம். பாலும் எண்ணெயும் கேனிலும் டின்னிலும் மட்டுமே சமையற்கட்டுக்குள் வர வேண்டும். வாழையிலையோடு வேறு எதையும் சேர்த்துக் கட்டக்கூடாது. இலை மாட்டுத் தொழுவத்துக்கும் உரக்குழிக்கும் தனியாகப் போகும். எதையும் எரிக்கக் கூடாது. இவற்றில் எது மீறப்பட்டாலும் கடைசித் தவணைத் தொகையில் ஒரு பகுதி பிடித்தம் செய்யப்படும்.

வாசலில் ஃபிளெக்ஸ் பேனருக்குப் பதிலாக என்ன வைப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. துணியில் எழுதித் தருபவர்கள் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். கொட்டானுக்கு இந்த வாரமே சொல்லிவிடுகிறேன், ஆச்சி.